தோழிப்பெண் கவுன்

பீரோவைத் திறந்ததும் ஈர மண் வாசனை வந்தது. மத்தியானத்திலிருந்து ஆவூரில் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த மழையைத்தான் பரிமளா முதலில் சந்தேகப்பட்டாள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். அடித்தட்டு காய்ந்திருந்தது. பட்டுச் சேலைகள் காய்ந்திருந்தன. உறைக்குள் தொங்கிய கவுனின் கீழோரம் மட்டும் நனைந்து, இரண்டு விரல் அகலத்துக்குச் செம்மண் ஏறியிருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பீரோ சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

"அம்மா, எடுத்துட்டியா?" கூடத்திலிருந்து இளைய மகள் அன்புமொழி கேட்டாள்.

"வாரேன், வாரேன். கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டு நிக்காத."

முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். முந்தானைதான் சிவந்தது.

மூத்தவள் சுடர்விழி அயர்லாந்தில் நர்ஸாக இருந்தபோது வாங்கிய கவுன் அது. பழைய கல்யாணக் கவுன்கள் மட்டுமே விற்கிற கடையாம். வீடியோ காலில் காட்டியபோது பரிமளா முகத்தைச் சுளித்தாள்.

"எவளோ போட்டு அவுத்ததையா?"

"அதுதாம்மா அழகே. அறுவது வருசத்துக்கு முன்னாடி ஒருத்தி இதப் போட்டுக்கிட்டு கோயில்ல நின்னிருக்கா. நல்லா வாழ்ந்திருப்பா. அந்த ராசி எனக்கும் ஒட்டட்டும்."

திருச்சியில் வாடகைக்குத் தரும் கவுன்களைப் பரிமளா எத்தனையோ பார்த்திருக்கிறாள். கல்லும் மணியுமாக உடம்பெல்லாம் குத்தும். போட்டவள் கிறிஸ்துமஸ் ஸ்டார் மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்பாள். இது அப்படியில்லை. பாலாடை நிறம். தூக்கினால் கனம், தொட்டால் குளுமை. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகில் துணி சுற்றிய குட்டிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் கையால் முடைந்த நூல் வளையம். ஊருக்கு வந்த சுடர் ஒருமுறை போட்டுக் காட்டினாள். பரிமளாதான் பொத்தான் மாட்டிவிட்டாள். கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது பின்கழுத்துத் தழும்பு விரலில் தட்டுப்பட்டது. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பு. பிறகு முன்னால் வந்து பார்த்தவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பெற்றவள் கண்ணே பட்டுவிடுமோ என்று பயந்தாள்.

பட்டுத்தான் விட்டது. கல்யாணத்துக்கு முன் வந்த காய்ச்சல் சுடரைக் கொண்டுபோய்விட்டது.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை மணப்பெண்ணாக அலங்கரித்துத்தான் அடக்கம் செய்வார்கள். தலையில் பூமுடி, கையில் ஜெபமாலை, உடம்பில் வெள்ளைக் கவுன். கவுனை எடுத்துத் தரும்படி பெண்கள் கேட்டபோது பரிமளா பீரோ முன்னால் நின்றாள். மகளையும் மண்ணுக்குக் கொடுத்து இதையும் கொடுப்பதா? மனம் வரவில்லை. பக்கத்திலேயே இன்னொரு வெள்ளைக் கவுன் தொங்கியது. அக்கா கல்யாணத்தில் தோழிப்பெண்ணாக நிற்பதற்கு அன்புமொழிக்கு எடுத்தது. அளவு பார்க்க அவள் ஒருமுறை போட்டும் இருந்தாள். பரிமளா அதை எடுத்தாள். நாத்தனார் மட்டும் கவனித்துக் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, உசுரோட இருக்க புள்ள துணிய இதுக்குப் போடாதீங்க. அவளையும் இழுத்துக்கிரும்."

"பேசாம இரு."

விறைத்த கையில் பழைய கவுன் நுழையவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னாள். புருஷன் அடைக்கலம்கூட நம்பினார்.

இப்போது அன்புமொழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் மூன்று கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. அடைக்கலம் பொன்னமராவதிப் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். அக்கா கவுனைத்தான் போடுவேன் என்று அன்பு ஒற்றைக்காலில் நின்றாள். 'அக்காவே நிக்கிற மாதிரி இருக்கும்மா' என்று அவள் சொன்ன ஒரு சொல்லில் பரிமளா விழுந்துவிட்டாள். அந்தக் கவுனை உயிருள்ள உடம்பில் மறுபடி பார்க்க அவளுக்கும் ஆசை. மண் ஏறியிருந்ததைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கீழோரத்தை உள்பக்கம் மடித்துப் பரிமளா நீட்டிய கவுனை வாங்கிய அன்பு முகத்தருகே கொண்டுபோனாள். "மண்ணு வாட அடிக்குது."

"மழைடி."

"அவ இருந்தா இத எனக்குக் குடுத்திருப்பாளா? என் துணிய மட்டும் கேக்காம எடுத்துப் போட்டுக்குவா."

"தொவச்சுத் திருப்பிக் குடுத்துருவால்ல."

"குடுப்பா குடுப்பா. அத வச்சுட்டு வேற ஒண்ண எடுத்துட்டுப் போவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சுடரின் பழக்கம் அதுதான். இரவல் வாங்கிய துணியை, அதன் இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக மடித்து, தங்கை கட்டிலில் நீட்டி வைத்துவிட்டுப் போவாள்.

அன்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பரிமளா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கோயிலில் மாலை மணி அடித்தது. அதன் கடைசி ஓசை மழைக்குள் கரைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர், கொல்லையில் தவளைகள், கதவுக்கு அந்தப்பக்கம் துணி உரசும் சத்தம். அந்த உரசல் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. பீரோ இருந்த மூலையில் ஒன்றும் கட்டிலோரம் ஒன்றுமாக, இரண்டு பேர் ஒரே அறையில் அவசரமாக உடை மாற்றுவதுபோல் கேட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது இரண்டும் அப்படித்தான் அடித்துக்கொள்ளும்.

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு ஒரே ஓர் உரசல்தான்.

"அன்பு, மெழுகுவத்தி கொண்டாரவா?"

பரிமளா எழுந்து கதவருகே போனாள். "அன்பு?"

கதவு கொஞ்சம் திறந்தது. மண் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. "பொத்தான் மாட்டி விடும்மா," என்றது குரல், தொண்டை கட்டினாற்போல் மெதுவாக.

பரிமளா உள்ளே போனாள். இருட்டில் பாலாடை நிறம் மட்டும் தெரிந்தது. கவுனைப் போட்டிருந்தவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பரிமளா இடுப்பிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பொத்தான். ஒரு வளையம். துணி ஈரமாக இருந்தது. துணிக்கு உள்ளே இருந்த உடம்பு அதைவிடக் குளிர்ந்திருந்தது.

"ஏண்டி இப்படிச் சில்லுன்னு இருக்க?"

முதுகு ஏறி இறங்கவில்லை. மூச்சுச் சத்தம் தன்னுடையது மட்டும்தான் என்று பரிமளாவுக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை. மேலே. இன்னும் மேலே. நனைந்த கூந்தலை ஒதுக்கினாள். விரலிடுக்கில் மண் நெருடியது.

பின்கழுத்து.

தழும்பு.

பரிமளா கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும், அன்பைத் தேடி ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம். இரண்டு வருடமாகத் தலையணையில் வாயைப் புதைத்து அழுத அழுகையெல்லாம் தீர்ந்துபோகிற சந்தோஷம். தழும்பின் மேல் விரலை வைத்தபடியே நின்றாள். கன்னத்தை அந்தக் குளிர்ந்த முதுகில் சாய்த்துக்கொண்டாள்.

"சுடரு," என்றாள். "வந்துட்டியாடி."

"அவளோடத அவளுக்குத் திருப்பிக் குடுத்துட்டேம்மா."

கரண்ட் வந்தது.

குழல்விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. கட்டில் தெரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்து நின்றது.

கட்டிலில் அன்புமொழி நேராக நீட்டிப் படுத்திருந்தாள். தோழிப்பெண் கவுன். மடிப்புக்கு மடிப்பு செம்மண். இரண்டு கைகளும் மார்பின் மேல், குறுக்காக, மடித்து வைத்தபடி. கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை.

"அன்பு..."

முன்னால் நின்றவளின் குளிர்ந்த விரல்கள் பின்பக்கமாக வந்து பரிமளாவின் கையைப் பற்றின. பிடித்து, மெதுவாக, கழுத்தில் விட்டுப்போன கடைசிப் பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தன.