பாதியில் நின்ற பாட்டு

"மேலே வரக்கூடாதுன்னு கீழே போர்டு வெச்சிருக்கே... கண்ணு தெரியலையா?"

மரப்படியின் உச்சியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். என்ன குரல் இது! பழைய ஊர், முந்நூறு வருஷத்துத் தேவாலயம், ஆளுயரக் குழாய்கள் வைத்த ஆர்கன்... கிட்டத்தில் பார்க்கலாமென்று மாடத்துக்கு ஏறி வந்தால் வரவேற்பு இந்த லட்சணத்தில்.

ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பினான். கறுப்புச் சட்டை. மழிக்காத முகம். அந்தக் கண்கள்... அழுது முடித்த கண்களா, இனிமேல்தான் அழப்போகிற கண்களா?

'உனக்கெதற்கு அந்த ஆராய்ச்சி?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். நிச்சயமான கல்யாணம் போன மாதம்தான் நின்றுபோயிருந்தது. தேனிலவுக்கென்று எடுத்த டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று வீம்புக்குத் தனியாகக் கிளம்பி வந்தவள். இனி எந்த ஆணையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று சபதம் வேறு.

"படிக்கத் தெரியும். போறேன்."

வெளியே இடி இடித்தது. பட்டென்று விளக்குகள் அணைந்தன. ஆர்கனுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த மோட்டாரும் நின்றது. அவன் கட்டைகளை அழுத்திப் பார்த்தான். சத்தமே இல்லை.

"ஏங்க... போயிடாதீங்க!"

"போர்டு போகச் சொல்லுதே..."

"போர்டை விடுங்க. மோட்டார் காத்து குடுத்தாதான் இது பாடும். கரண்ட் இல்லேன்னா அந்தக் கைப்பிடியை யாராவது விடாம அழுத்தணும். நானே அழுத்திக்கிட்டு நானே வாசிக்க முடியாது. கீழே அடக்கப் பூசை... பெட்டி வந்துடுச்சு."

எட்டிப் பார்த்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சவப்பெட்டி. முதுகுப் பையைக் கழற்றி வைத்தாள்.

கைப்பிடி கனத்தது. அழுத்த அழுத்தத் துருத்தி மூச்சு வாங்கியது. குழாய்கள் பாடின, மழைச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு. ஒவ்வொரு பாட்டாக முடிந்து கடைசிப் பாட்டு வந்தது. அவன் முதுகு குனிந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவனுக்குக் கை ஏது? உதடு மட்டும் அசைந்தது... "அம்மா."

ஐயோ... பெட்டிக்குள் இருப்பது இவன் அம்மாவா!

அடுத்த நொடி ஆர்கன் முனகி, இழுத்து, அடங்கியது. கைப்பிடி அவள் கையில் அசையாமல் இருந்தது. கீழே எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. பதறிப்போய் மறுபடி அழுத்தினாள். காற்றுச் சேர்வதற்குள் ஃபாதர் கடைசி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

பூசை முடிந்ததும் படி அதிர ஒருவர் ஏறி வந்தார். இவனுடைய அதே ஜாடை. அண்ணன்.

"செல்போன்ல ரெக்கார்ட் போட்டுடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? அம்மாவுக்கு நான்தான் வாசிப்பேன்னு நின்னே. கடைசிப் பாட்டைப் பாழாக்கிட்டே. கல்லறைக்கு வந்து அங்கேயும் மானத்தை வாங்காதே!"

அழுத்தியவள் விட்டுவிட்டாள் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லவில்லை. அவளும் துருத்திப் பெட்டியின் மறைவில் கல்லாக நின்றாள். ஏன் விட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது? நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அண்ணன் இறங்கிப் போனார். ஜன்னல் வழியே, குடைகளுக்கு நடுவில் பெட்டி நகர்வது தெரிந்தது.

"நீங்க போகலையா?"

"எந்த முகத்தோட போறது? உங்க மேல தப்பில்லைங்க. பழக்கமில்லாதவங்க, கை வலிச்சிருக்கும். நான்தான் வீம்பு பிடிக்காம ரெக்கார்டே போட்டிருக்கணும்."

பெற்றவளை மண்ணில் இறக்கும்போது பிள்ளை இங்கே உட்கார்ந்திருப்பதா? அதுவும் தன்னால்? இந்த வெட்கத்தைக் கட்டிக் காத்து என்ன செய்யப்போகிறாள்!

"கை வலிக்கலை."

நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க அழுதுக்கிட்டே வாசிச்சீங்க... உங்களையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். கை நின்னதே எனக்குத் தெரியலை. போதுமா? உங்க அண்ணன்கிட்டேயும் சொல்றேன். எல்லார் முன்னாடியும் வேணும்னாலும் சொல்றேன். நீங்க கிளம்புங்க... அம்மா போயிட்டிருக்காங்க."

அவன் எழுந்தான். படி வரை வந்தான். நின்றுவிட்டான்.

"தனியா நடக்க முடியும்னு தோணலை... கூட வர்றீங்களா?"

"நான் யாருன்னு கேட்டா?"

அவன் திரும்பி, அவள் நின்றிருந்த துருத்திப் பக்கம் பார்த்தான். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.

"நான் வாசிக்கிறப்போ கையில இருக்கிற வேலையை மறந்துட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறது எங்கம்மா மட்டும்தான். இனிமே யாருமில்லைன்னு நெனச்சேன்... கேக்கிறவங்ககிட்டே அதைச் சொல்றேன்."

அவள் பையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு அவனோடு படியிறங்கினாள்.