முந்தி வந்த இருமல்

குழந்தை முதலில் கம்ப்யூட்டர் திரையில் இருமினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்து கம்ப்யூட்டரின் விசிறி மூச்சுவிடாமல் இரைந்ததில் அறை முழுக்கச் சூடான தூசியின் வாடை. திரையை முறைத்து முறைத்துக் கண் இரண்டும் எரிந்தன. தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்து வைத்தான்.

போன மாதம் காய்ச்சல் ஏறியபோது குட்டிக்கு வலிப்பு வந்து கண் மேலே சொருகிவிட்டது. அன்றைக்குப் போன உயிர் அவனுக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. காய்ச்சல் அடிக்கும்போது பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்றைக்கு மதிய டியூட்டி. அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் குட்டியின் கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருந்தான். மாட்டிய கொஞ்ச நாளிலேயே கேமரா கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அவர்கள் கொடுத்த போன் ஆப்பும் அதோடு செத்துப்போனது.

விட்டுவிடுகிற ஆளா அவன்? யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் சும்மா கிடைக்கும் ஒரு வீடியோ மென்பொருளின் சோர்ஸ் கோடை, அதாவது அதன் நிரல் வரிகளை, இறக்கி, இந்தக் கேமராவுக்கு ஏற்றபடி அங்கே இங்கே ஒட்டுப்போட்டு, தன் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து ஓடவிட்டான். கறுப்புத் திரையில் வரிகள் மழையாகக் கொட்டின. கடைசியில் படம் வந்தது. சத்தம் இல்லை, நிறமும் இல்லை, ஆனால் வந்தது.

வந்தது தாமதமாக. குட்டி இருமுவது காதில் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் திரையில் அவள் தோள் குலுங்கியது. வலிப்பு வரும் குழந்தைக்கு அப்படி ஒரு படம் இருந்தென்ன, இல்லாமல் என்ன? அந்த நிரலில் தாமதத்தைக் குறிக்கும் எண்ணைத் தேடிப்பிடித்து, அதைக் குறைத்துப் பார்த்தான். போதவில்லை. அலுத்துப்போய் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறியைப் போட்டு மறுபடி கம்பைல் செய்தான். கொட்டிய வரிகளுக்கு நடுவே மஞ்சளாய் ஒன்று ஓடியது. வார்னிங். சிவப்பில் எரர் வந்தால் நிமிர்ந்து உட்கார்வான். மஞ்சளை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

அதற்கப்புறம்தான் திரையில் முந்தி வந்த அந்த இருமல்.

திரையில் குட்டி கையை நீட்டி, பக்கத்து ஸ்டூலில் இருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். தண்ணீர் தரையில் பரவியது. அவன் துடைக்கும் துணியோடு உள்ளே போனான். தம்ளர் நிமிர்ந்து நின்றது. தரை காய்ந்திருந்தது. குட்டி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், நெற்றி கொதித்தது. ஒன்றும் புரியாமல் அவன் திரும்பி அறை வாசலைத் தாண்டும்போது, பின்னால் தம்ளர் விழுந்து உருண்டது.

துடைத்தான்.

கடிகாரக் கோளாறு என்றான், யாருக்கோ பதில் சொல்வதுபோல. ஆனால் ஒவ்வொரு தடவையும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. திரையில் அவனே போர்வையோடு வந்து குட்டிக்குப் போர்த்திவிட்டுப் போனான். தன் முதுகைத் தானே பார்த்தான். போகப்போவதில்லை என்று நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நேரம் போயிற்று. விசிறி இரைந்தது. பார்த்தாயா, ஒன்றும் நடக்கவில்லை என்று அவன் மூச்சுவிட்ட நேரத்தில் சுவருக்கு அப்பால் குரல் கேட்டது.

"அப்பா, குளிருதுப்பா."

எந்த அப்பன் உட்கார்ந்திருப்பான்? போனான். போர்த்தினான்.

திரும்பி வந்தபோது, திரையில் குட்டியின் அறைக்கதவு திறந்துகொண்டிருந்தது. வெள்ளை உடை. தோளில் பை. கழுத்தருகே சரிந்த கொண்டை. அப்பாடா, மனைவி சீக்கிரம் வரப்போகிறாள் என்று அவனுக்கு அழுகையே வரும்போல் ஆகிவிட்டது.

ஆனால் அவள் நேராகக் கட்டிலுக்கு நடந்தாள். நடையில் ஏதோ சரியில்லை. திரையில் கட்டிலருகே அவனே நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையாலும் குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி. வந்தவள் முகத்தை மெல்ல மேலே தூக்கினாள். அறை தெளிவாகத் தெரிந்தது. போர்வையின் மடிப்பு தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் படம் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது.

திரையிலிருந்த அவன் குட்டியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

கட்டிலில் வெறும் போர்வை. திரையிலிருந்தவன் நீட்டிய கைகளோடு அப்படியே நின்றான். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தான். இல்லை. ஜன்னல் திரைச்சீலை காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அவன்தான் அசையவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அடுத்த ஷிப்ட் ஆளு இன்னிக்கு லீவாம். எனக்கு லேட்டாகும் போல. குட்டி எப்படி இருக்கா?"

"நீ இப்போ எங்க இருக்க?"

"வார்டுலதான். வேற எங்க இருப்பேன்? குரலே சரியில்லையே, காய்ச்சல் ஏறிடுச்சா?"

"வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்கா?"

"இல்லையே. நீங்கதான் வீட்ல இருக்கீங்களேன்னு ஆணியிலேயே மாட்டிட்டு வந்தேன். அந்தப் படத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காம உள்ள போய் அவ பக்கத்துல இருங்க."

சாவி ஆணியில்தான் தொங்கியது.

போனை வைத்தான். வாசல் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பாதி திரும்பி, நின்று, கதவை லேசாகத் தூக்கி, பிறகு தள்ளும் சத்தம். அடியில் இடிக்கும் அந்தக் கதவை அப்படித்தான் திறக்கவேண்டும். இந்த வீட்டு ஆட்களுக்கு மட்டுமே அது தெரியும்.

கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினான். விசிறி அடங்கியது. வீடு முழுக்க அமைதி. ஓடினான். குட்டியின் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். குட்டியை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். என் பிள்ளையை விடமாட்டேன், விடமாட்டேன்.

அப்போதுதான் தான் நிற்கும் இடத்தைப் பார்த்தான். கட்டிலருகே. இரண்டு கையாலும். மேலே கேமராவின் சிவப்புப் பொட்டு.

கூடத்தில் செருப்புச் சத்தம். மெதுவாக.

வார்டிலிருந்து வந்தால் மனைவி கை கழுவாமல் பிள்ளையைத் தொட்டதே கிடையாது. நேராக வாஷ்பேசினுக்குத்தான் போவாள். குழாய்ச் சத்தம் கேட்டுவிட்டால் போதும். அவளேதான், ஏதோ விளையாட்டு, அவ்வளவுதான். அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

செருப்புச் சத்தம் வாஷ்பேசினைத் தாண்டியது.

குழாய் திறக்கவில்லை.

தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு திறந்தது. வெள்ளை உடை. தோளில் பை.

குட்டி அவன் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா" என்றாள், சிரித்தாள், இரண்டு கையையும் நீட்டினாள்.

வந்தவள் முகத்தை நிமிர்த்தினாள். சதுரங்கள். நேரிலும் சதுரங்கள்தான், சாம்பலும் கறுப்புமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நகர்ந்து.

அவன் பிடியை இறுக்கினான். இறுக்கியதாகத்தான் நினைத்தான்.

கட்டிலில் வெறும் போர்வை. ஜன்னல் திரைச்சீலை காற்றில் அசைந்தது. கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மாடிப்படியில் எங்கோ கீழே குட்டி ஒருமுறை இருமினாள். அவன் கைகளை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.