இருட்டுத் தட்டு

காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தின் இருட்டு அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே புது மருந்து கலந்து தட்டில் வளர்த்த தோல் செல்கள் செத்துக் கிடந்தன. ஏதோ கொஞ்சம் மட்டும் பிழைத்திருந்ததை யாரும் சட்டை செய்யவில்லை. மதியத்துக்குள் அவற்றை வளர்த்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணை வேலையை விட்டுத் தூக்குவதென்று பேசி முடித்துவிட்டார்கள்.

நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி முன்னாள் போலீஸ்காரி. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘மிளகாய்’ என்று பெயர். விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“என்ன மருந்தும்மா அது?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“கார்பன் பந்து மேடம். அறுபது அணு சேர்ந்து கால்பந்து மாதிரி ஒரு கூடு. ஐங்கோணமும் அறுகோணமுமா கட்டம் இருக்கும். புத்துக்கட்டில ஏத்தி வெளிச்சம் காட்டினா, பக்கத்துல இருக்கிற ஆக்சிஜனை உசுப்பிவிட்டுக் கட்டியக் கொல்லும். இருட்டுல சும்மா கிடக்கும். அதைக் காட்டத்தான் இந்தத் தட்டு. தட்டுல இருக்கிற எல்லாக் குழியிலயும் ஒரே அளவு மருந்துதான்.”

“அலமாரிச் சாவி யார்கிட்ட?”

“என்கிட்ட ஒண்ணு, ஆய்வகத் தலைவர்கிட்ட ஒண்ணு. நேத்து சாயங்காலம் வெளிச்சம் படாம ஃபாயில் சுத்தி உள்ள வெச்சிட்டு அம்மாவைப் பாக்க ஊருக்குப் போனேன். காலைல பஸ்லேருந்து இறங்கி நேரா இங்கதான் வந்தேன்.”

ஆய்வகத்துக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தலைவர் அறையில் அந்தக் கெடுபிடி இல்லை. மேசை விளக்கின் கீழே டீக்கோப்பை. ஏதோ கருத்தரங்கில் கொடுத்தது, கார்பன் பந்தின் கட்டம் போலவே ஆறு மூலை வைத்த அடி. அதை ஒரு கோப்பின் மேலேயே வைத்திருந்தார்.

“மருந்தே விஷம்னு தெரிஞ்சு போச்சு. இனிமே அவ வேலைய என் மருமகன் பாத்துக்குவான்,” என்றார்.

“தட்டைத் தொட்டீங்களா சார்?”

“நான் எதுக்குத் தொடறேன்?”

மிளகாய் திரும்பி வந்தாள். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயத்தை அந்தப் பெண்ணை விட்டு ஊற்றச் சொன்னாள். தட்டு முழுக்க நீலம் ஏறியது. நடுவில் ஆறு மூலை வைத்த ஒரு திட்டில் மட்டும் ஏறவில்லை. மிளகாய் அப்படியே தட்டைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போய், கோப்பையை எடுத்து மூடிமேல் வைத்தாள். ஆறு மூலையும் அச்சாகப் பொருந்தின.

“மருந்து விஷம்னா எல்லாக் குழியும் செத்திருக்கணும். இதுக்கு அடியில இருந்தது மட்டும் எப்படிப் பொழச்சுது? தட்ட எடுத்து உங்க விளக்குக்குக் கீழ வெச்சிருக்கீங்க. அது சாகறவரைக்கும் டீ குடிச்சிருக்கீங்க. கோப்பைய வைக்க வேற இடமே கெடைக்கல. ஒருத்தியோட மூணு வருஷ உழைப்பு உங்களுக்கு டீ வைக்கிற பலகையா?”

தலைவர் கையை நீட்டி மேசை விளக்கை அணைத்தார்.

அந்தப் பெண் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெளிச்சம் பட்ட இடம் செத்திருக்கு. படாத இடம் உயிரோட இருக்கு. மூணு வருஷமா இதத்தான் சார் உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்.”