மேல் வரிசை

விமானம் மழைமேகத்தைத் தாண்டி மேலே வந்து நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. காலிப் பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் வருமே, அப்படி ஒரு சீழ்க்கை. மெலிதாக, விட்டு விட்டு, இன்ஜின் இரைச்சலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வந்தது. பத்தொன்பது வருடமாக விமானங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிற காது அது. குளிர்காற்று சீறுவது, சக்கரம் உள்ளே மடங்குவது, சாப்பாட்டு வண்டி பூட்டில் ஆடுவது எல்லாம் தூக்கத்திலும் பிடிபடும். இது அதில் எதுவும் இல்லை.

"உனக்கு ஏதாவது கேக்குதா?" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் கேட்டார்.

"லீவு போட்டாச்சுல்ல? காதுக்கும் சேத்து லீவு குடுங்க." கண்ணைக்கூடத் திறக்கவில்லை அவள். தம்பி வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் ராத்திரி தூங்காதவள்.

ஜன்னலோரம் எட்டு வயது மகள். கிளம்பும்போது மழை கண்ணாடியை மறைத்ததால் சலித்துப்போய், மறைப்பை இழுத்து மூடிவிட்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அப்பா, வெளிய யாரோ விசில் அடிக்கிறாங்க."

அவர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"அந்த மறைப்பத் தூக்கும்மா."

வெயில் முகத்தில் அடித்தது. கண் கூசி, பிறகு தெளிந்தது. ஈரம் காய்ந்த இறக்கை வெள்ளிபோலக் கிடந்தது. அதன் மேல்பரப்பில் ஸ்க்ரூ தலைகள் வரிசை வரிசையாக மின்னின. முன்விளிம்பு ஓரமாக இருந்த ஒரு வரிசை மட்டும் மின்னவில்லை. அழுக்காக இருக்கும் என்று நினைத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து ஆறில் நிறுத்திக்கொண்டார். அழுக்கு இல்லை. வெறும் ஓட்டைகள். வரிசை தொடங்கும் இடத்தில் நீல மெழுகுப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு.

அந்தக் கோட்டைப் போடுகிறவரை அவருக்குத் தெரியும். பகல் ஷிப்ட் சூப்பர்வைசர். எதையும் மூன்று முறை எண்ணிப் பார்ப்பதால் 'கணக்கு வாத்தி' என்று பேர். நேற்று சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது, இதே விமானத்தில் மாற்றவேண்டியிருந்த முன்விளிம்புத் தகட்டைக் காட்டி, வீட்டுக்குப் போகிற அவசரத்தில், "இந்தத் தகட்டுல மேல் வரிசை முடிஞ்சுது, கீழ மட்டும் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அப்போது போனில் இருந்தார். எந்தப் பெட்டியை எடுத்துப் போவதென்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே மாட்டி முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். கீழ் வரிசையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அத்தனையும் இறுக்கம். ஏணி, விமானம் நிறுத்தும் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து மேலே ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

கீழ் வரிசை இறுக்கமாகத்தான் இருக்கும். அதை இன்னும் யாரும் கழற்றவே இல்லை. கணக்கு வாத்தி முடித்தது மாட்டுவதை அல்ல, கழற்றுவதை.

மணியை அழுத்தினார். பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"நான் உங்க கம்பெனி இன்ஜினியர். கேப்டன்கிட்ட பேசணும். இப்பவே."

"பயமா இருக்கா சார்? முத தடவையா..." என்று தொடங்கியவள், அவர் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். முன்பக்கம் கூட்டிப் போய்ச் சுவரிலிருந்த போனை எடுத்துக் கொடுத்தாள்.

"எத்தனை ஸ்க்ரூ இல்ல?" கேப்டனின் குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"மேல் வரிசை மொத்தமும் சார். நாப்பத்தேழு."

"கீழ?"

"இருக்கு. நானே தொட்டுப் பாத்தேன்."

"அப்போ அந்தக் கையெழுத்து..."

"என்னுதுதான் சார்."

ஏசவில்லை அந்த மனிதர். ஏசியிருந்தால் தேவலை. "இப்போ ஒழுங்காத்தான் பறக்குது. என்ன பண்ணலாம், சொல்லுங்க," என்றார்.

"வேகம் கூடவே கூடாது சார். மூக்கச் சாய்ச்சா வேகம் கூடும். காத்து அந்தத் தகட்டுக்கு அடியில பூந்துட்டா... கொஞ்சங் கொஞ்சமா இறக்குங்க."

"கொஞ்சங் கொஞ்சமான்னாலும் இறங்கித்தானே ஆகணும்," என்றார் கேப்டன்.

திரும்பி நடந்தார். இருபுறமும் ஆட்கள் சாப்பிட்டார்கள், குறட்டை விட்டார்கள், எதற்கோ சிரித்தார்கள். ஒரு பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மகளை நடு இருக்கைக்கு மாற்றலாமா என்று நினைத்தார். மாற்றி என்ன ஆகப்போகிறது?

மனைவி விழித்திருந்தாள். "என்னங்க ஆச்சு? ஏன் இப்படி வேர்க்குது?"

"பெல்ட்ட இறுக்கிக்கோ. பாப்பாவுக்கும்."

அவள் இறக்கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "யாரு பண்ணுன வேலை இது?"

கையிலிருந்த அடையாள அட்டையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல விலகி மகள் பக்கம் போனது.

காலடியில் தரை இம்மியளவு முன்னால் சாய்ந்தது. இன்ஜின் இரைச்சல் தணிந்தது. அது தணியத் தணியச் சீழ்க்கை பெரிதானது. கூர்மையானது. இப்போது முன்னிருக்கைக்காரரும் தலையைத் திருப்பினார்.

பிறகு நின்றுவிட்டது.

நிம்மதி வரவில்லை. சீழ்க்கை ஏன் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

படபடவென்று ஒரு துடிப்பு. இருக்கையின் கைப்பிடி வழியாக அது எலும்பில் ஏறியது. தகட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. நகக்கண் அகலம். விரல் அகலம்.

"அப்பா, அது திறக்குது."

அவள் கண்ணைப் பொத்தக் கை நீட்டினார். கை எட்டவில்லை.

தகடு தூக்கியது. படிந்தது. மறுபடி தூக்கியது. அடியில் இறக்கையின் உள்கூடு தெரிந்தது. பச்சைப் பூச்சு. விலா விலாவாக.

இந்தத் தடவை படியவில்லை. அப்படியே முன்னால் மடங்கி, காற்றை எதிர்த்து, செங்குத்தாக நின்றது.

பின்னால் யாரோ அலறினார்கள்.

விமானம் மெதுவாக, மிக மெதுவாக, அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஜன்னலில் இருந்த வானம் நழுவி மேலே போனது. கண்ணாடி முழுக்க வெள்ளை. பிறகு சாம்பல். பிறகு, ஒவ்வொரு வீடாகத் தெரிகிற அளவுக்கு, தரை.