கிடையாக வெட்டிய கொம்பு

புதுக் கோயிலின் முகட்டில் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்த கூரைக் கொம்புகளின் நுனி கிடையாக வெட்டப்பட்டிருந்தது. நவோமிச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அவன் தன் கையாலேயே செங்குத்தாக அறுத்து ஏற்றிய கொம்புகள் அவை. ஆண் சாமிக்குச் செங்குத்து, பெண் சாமிக்குக் கிடை. இருபது வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகக் கட்டும் இந்தக் கோயிலில் என்றைக்கும் ஆண் சாமிதான்.

"மேஸ்திரி, இது யார் பாத்த வேலை?"

மேஸ்திரி தத்தேபே சிரித்தார். "சாமி ராத்திரியோட ராத்திரியா பொண்டாட்டி கட்டிக்கிட்டாரோ என்னமோ. நீதான் தூக்கக் கலக்கத்துல அறுத்திருப்ப, போப்பா!"

அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏணியில் ஏறித் தடவிப் பார்த்தான். வெட்டுமுகத்தில் புது மரத்தின் வெளுப்பு இல்லை; இருபது வருட மழையில் நனைந்த சாம்பல் நிறம், விரலில் ஈரப் பாசி. கீழே ஒரு சிட்டிகை மரத்தூள்கூடக் கிடையாது. ஆனாலும் அவன் சந்தேகம் மேஸ்திரி மேல்தான் விழுந்தது. தினமும் சாப்பாடு கொண்டுவரும் சுமியே என்கிற அவன் மனைவி, அவனுக்கு ஒரு துண்டு சுட்ட மீனும் அவருக்கு இரண்டும் வைப்பதை ஒரு மாதமாகப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தான்.

அன்று மதியம் சுமியே வரவில்லை. பட்டறையில் தத்தேபேயையும் காணோம்.

பனி விழப்போகிற சாயங்காலம், தேவதாரு இலைகளில் காற்று நின்றுபோய், கோயில் கட்டிய சைப்ரஸ் மரத்தின் வாசனை மட்டும் மூச்சை அடைக்கிற மாதிரி கனத்துக் கிடந்த நேரத்தில், பூட்டிய கருவறைக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தாள். சுமியேவின் சிரிப்பு. பூசாரி முந்தாநாள் சுத்திகரிப்புச் சடங்கு செய்து பூட்டிய அறை அது. அதற்குப் பிறகு எந்தத் தச்சனும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

"சுமியே! கூட யாருடி?"

"நீங்க உக்காரச் சொன்ன எடத்துலதாங்க இருக்கேன்."

போன வாரம், சடங்குக்கு முன்னால், தன் வேலையைப் பெருமையாகக் காட்டி, இதே கருவறையில் சாமிக்கென்று இழைத்த பலகையில் அவளைச் சும்மா உட்காரவைத்துப் பார்த்திருந்தான்.

உளியால் பூட்டை நெம்பினான். பின்னால் சரளைக்கல் நெரிந்தது. தத்தேபே. தனியாக. தோளில் கயிற்றுச் சுருள்.

"டவுனுக்குப் போயிட்டு இப்பதான் வர்றேன். என்னப்பா பண்ற? தொறக்காதடா!"

அப்படியானால் உள்ளே அவளுடன் யார்?

பூட்டு தெறித்தது. கதவு விலகியது.

சுமியே உட்கார்ந்திருந்தாள். தனியாக. கழுத்திலிருந்து கன்னம் வரை மரத்தின் வரிகள். வெளுப்பாக. இழைத்த மாதிரி வழவழப்பாக. வாய் திறந்திருந்தது, உள்ளே நாக்கு இல்லை, மரம். கண்கள் மட்டும் அவளுடையவை. அவை அவனைக் கெஞ்சின.

"சுமியே..."

பின்னாலிருந்த தத்தேபே கயிற்றைக் கீழே போட்டார். சாமி முன்னால் செய்கிற முறைப்படி இரண்டு முறை குனிந்து வணங்கினார். கை தட்டினார். ஒன்று.

அவள் இமை துடித்தது.

இரண்டு.

துடிக்கவில்லை.