முழுச் சுற்றுச் சுற்றாத வளையம்

தர்மன் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது மரியம்மாள் வந்து நின்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுக் கோபத்தோடு வந்திருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரை நேத்து புடிச்சிக்கினு போய்ட்டாங்கய்யா. தேர்ச்சக்கரத்து இரும்பு வளையத்தைத் திருடிட்டாராம். நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்தி உள்ள அனுப்பப் போறாங்களாம். அது தேருது இல்லய்யா, ஏரோப்ளேன் சாமான். சொன்னா சிரிக்கிறாங்க.”

பிள்ளையார்பாளையத்தின் கோடியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அந்தோணியின் மனைவி அவள். தர்மன் துப்பறியும் பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

“ஏரோப்ளேனா!” என்று உள்ளேயிருந்து ஓடி வந்தான் மைத்துனன் பஞ்சாட்சரம். “மாமா, இதுல வெளிநாட்டு உளவாளி சம்பந்தம் இருக்குது.”

“முதல்ல சட்டையைப் போடு” என்றார் தர்மன்.

காவல் நிலையத்துத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சீனிவாசன். தாமல் ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரில் பெருமாள் கோயில் தர்மகர்த்தா. நெற்றியில் பளிச்சென்று நாமம். அவர் காலடியில் பண்ணையாள் கலியன், நெற்றி நிறையத் திருநீற்றோடு குந்தியிருந்தான். மேசைமேல் ஒரு தட்டில் புது வெல்லம்.

“நம்ம கரும்புத் தோட்டத்து வெல்லம், முதல் காய்ச்சு, எடுத்துக்குங்கோ” என்றார் சீனிவாசன். “போன வருசம் அடுப்பு வாய் இடிஞ்சி, பாகு காய்ச்சற கொப்பரை சரிஞ்சி, பூரா மண்ணாப் போச்சி. இந்த வருசம் கல்லு மாதிரி நிக்குது.”

தர்மன் எடுக்கவில்லை. பஞ்சாட்சரம் பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

வளையம் உள்ளே சுவரில் சாய்ந்திருந்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியது. அதன்மேல் மூன்று பட்டையாகத் திருநீறும் நடுவில் குங்குமப் பொட்டும் இருந்தன. கம்பிக்குப் பின்னால் அந்தோணி நின்றான். அவன் கை விரல்கள் வீங்கியிருந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

“பொட்டைப் பார்த்தீங்களா சார்?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “கிறிஸ்தவன் கடையில பொட்டு வெச்ச இரும்பு எப்படி வரும்?”

“சரி. உள்பக்கம் முழுக்கப் பல் இருக்குதே, அது எதுக்கு?” என்று கேட்டார் தர்மன்.

“மரத்தைக் கவ்விப் பிடிக்க.”

தர்மன் கண்ணை மூடித் திறந்தார். இந்த ஆளுக்கு ஆறு மாதம் வேலை சொல்லிக் கொடுத்தது தாம்தான் என்பது நினைவுக்கு வந்து இன்னும் எரிச்சலூட்டியது.

“கரும்பு ஆலைச் சக்கரமா இருக்கும் மாமா” என்றான் பஞ்சாட்சரம், வாய் நிறைய வெல்லத்தோடு. “இல்லன்னா திருவிழா ராட்டினம்.”

“கொஞ்சம் மென்னுக்கிட்டே இரு.”

தர்மன் பற்களைச் சுற்றி விரலை ஓட்டினார். பிறகு தாழ்வாரத்தைப் பார்த்துக் கேட்டார்: “தர்மகர்த்தா, இதுதான் உங்க வளையமா?”

“சந்தேகமே வேணாம். வருசா வருசம் நானே என் கையால அலங்காரம் பண்றேனே. சக்கரத்தைச் செப்பனிடக் கழட்டி வெச்சிருந்தது. போய்டிச்சி.”

“கிட்ட வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.”

“கண்டவன் தொட்டது. சுத்தி பண்ற வரைக்கும் நான் கிட்ட வர மாட்டேன். அவன் இருக்கற தெருவுக்குள்ளயே நான் காலு வெச்சதில்ல.”

“அப்ப கடையில இது இருக்குதுன்னு யார் பார்த்தது?”

“கலியன்தான் பார்த்துட்டு வந்து சொன்னான்.”

தர்மன் சப்-இன்ஸ்பெக்டரை அழைத்தார். “விரலால தடவிப் பாருப்பா. வெளிப்பக்கம் பச்சை பெயிண்டு அப்படியே இருக்குது. தேர் பாரத்தோடு தெருவில் உருண்ட வளையம் வெளிப்பக்கம்தானே தேயணும்? இது உள்ளேதான் தேய்ஞ்சிருக்குது. அதுவும் பாதி வட்டத்துப் பல் மட்டும். மீதிப் பாதி புதுசாட்டம் இருக்குது. அப்படின்னா என்ன?”

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பற்களைத் தடவினார்.

“இது ஒரு தடவைகூட முழுசாச் சுத்தலை. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், திரும்பித் திரும்பி ஆடியிருக்குது. ஒரு தடவையும் முழுசாச் சுத்தாத தேர்ச்சக்கரம் எந்த ஊர்லய்யா இருக்குது?” குரல் தானாக உயர்ந்தது. தணித்துக்கொண்டார். “உலகச் சண்டைக் காலத்துல அரக்கோணம் பக்கம் விமான தளத்தில் காவலுக்கு நின்னேன். குண்டு போடற பெரிய விமானத்து வாலில் கண்ணாடிக் கூண்டு இருக்கும். துப்பாக்கிக்காரன் அதுக்குள்ள உக்காந்துக்கினு பின்னால வர்றவனைச் சுடுவான். அந்தக் கூண்டு திரும்பற பல்வளையம்தான் இது. விமானம் முன்னால இருக்கறதால கூண்டு முழுசாத் திரும்ப முடியாது. இதோ, ஆணித் துளையில் மாட்டியிருக்குதே ஒரு சில்லு, இதைக் கீறிப் பாரு.”

சப்-இன்ஸ்பெக்டர் நகத்தால் கீறினார். கண்ணாடி போலிருந்த அந்தச் சில்லில் கோடு விழுந்தது.

“கூண்டோட கண்ணாடி. நிஜக் கண்ணாடி இல்ல, பிளாஸ்டிக்.”

“அதைத்தானே நேத்துலேர்ந்து கத்திக்கினு இருக்கறேன்” என்றான் அந்தோணி. “பட்டாளத்து ஏலத்துல எடுத்த சாமான் சார்.”

“அப்ப பொட்டு?” சப்-இன்ஸ்பெக்டர் விடவில்லை.

தர்மன் திருநீற்றைத் தொட்டு விரலைக் காட்டினார். வெண்மையாக ஒட்டியிருந்தது. “நேத்துப் பூசினது. தர்மகர்த்தா, பெருமாள் கோயில் தேருக்கு என்ன சாத்துவீங்க?”

“இது என்ன கேள்வி? திருமண், நாமம்.”

“இங்கே மூணு பட்டைத் திருநீறு இருக்குதே.”

சீனிவாசன் நாற்காலியை விட்டு எழுந்தார். தீட்டை மறந்து உள்ளே வந்து பார்த்தார். பிறகு கலியனைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

கலியன் எழுந்து நின்றான். “நீங்கதானே முதலாளி, அவன் சோத்துக்குப் போற நேரமாப் பாத்து ஏதாவது வளையத்துக்குப் பொட்டு வெச்சிட்டு வாடான்னீங்க. எனக்குத் தெரிஞ்ச மாதிரி வெச்சேன். நாமம் போட எனக்குத் தெரியுமா?”

“வாயை மூட்றா!”

“அந்தத் தெருவில் நீங்க ஒரே ஒரு தடவை கால் வெச்சிருந்தா இந்தத் திருநீறு கண்ணில பட்டிருக்கும்” என்றார் தர்மன். “தேரு வளையம் எங்கேன்னு நான் கேக்கலை. போன வருசம் இடிஞ்ச அடுப்பு வாய் இந்த வருசம் எதைப் போட்டு நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

கலியன்தான் சொன்னான்: “தேரு வளையம் கொப்பரைக்கு அடியில இருக்குது சார். திருவிழா வந்துடுச்சி, ஊரு கேக்குமேன்னு பழியைக் கடைக்காரர் மேல...”

சப்-இன்ஸ்பெக்டர் கலியனின் தோளைப் பிடித்தார்.

“அவனை விடுய்யா!” என்று தர்மன் கத்தினார். “கண்ணெதிர்ல வெள்ளை வேட்டியில ஒருத்தர் நிக்கிறாரு, உன் கை நேரா இவன்கிட்டதான் போவுது.”

கம்பிக் கதவு திறந்தது. அந்தோணி வீங்கிய விரல்களை மடக்கிப் பிடிக்க முடியாமல், வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அசடு வழிய நின்ற சப்-இன்ஸ்பெக்டர், வேறு செய்யத் தோன்றாமல், வெல்லத் தட்டை மரியம்மாள் பக்கம் நகர்த்தினார்.

“எடுத்துக்கம்மா.”

மரியம்மாள் தட்டைப் பார்த்தாள். “எம் புருசன் தலையில கட்டின திருட்டு மேல வெச்சிக் காய்ச்சினது. நீங்களே தின்னுங்க.”

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். தர்மன் திரும்பி மைத்துனனைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டு, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல், கன்னம் உப்ப நின்றிருந்தான் பஞ்சாட்சரம்.