கொக்கியில் தொப்பி இல்லை

கணினியின் தேதி மறுபடியும் பின்னால் போயிருந்தது.

நளினி அதை இப்போதுதான் திருத்தியிருந்தாள். பிற்பகல் மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருக்க, அவிந்த செம்பனைக் குலையின் புளித்த வாடை ஏர்கோன் துவாரம் வழியே கட்டுப்பாட்டு அறைக்குள் இறங்க, திரையில் சிவப்பு முக்கோணம் நின்றது. இணைப்பு பாதுகாப்பானதல்ல. நீங்கள் தேடும் தளத்தைப்போல வேறொன்று நடிக்கக்கூடும்.

செம்பனை எண்ணெய் மில்லின் சொந்த இணையப் பக்கம்தான். குலை அவிக்கும் இரும்பு உருளையின் கேமராவும் நீராவிப் பொத்தானும் அதற்குள் இருந்தன. கடிகாரம் பிசகினால் இந்த எச்சரிக்கை வரும், தேதியைத் திருத்துங்கள் என்று பழுது பார்க்க வந்தவன் சொல்லியிருந்தான். கரங்கான் மில்லில் யாரும் திருத்துவதில்லை. 'தொடர்க' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

இன்று அவள் திருத்தினாள். எண்கள் ஒருமுறை துடித்து அதே நாளுக்குத் திரும்பின. எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். பிச்சை என்ற தொழிலாளி உருளைக்குள் அழுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்தி நீராவி விட்ட நாள். உள்ளே இறங்குகிறவன் தன் தலைத்தொப்பியைக் கதவோரக் கொக்கியில் மாட்ட வேண்டும், வெளியே வந்துதான் எடுக்க வேண்டும். பிச்சை மாட்ட மறந்துவிட்டான் என்று முடித்தார்கள். அவனுடைய சிவப்புத் தொப்பி அகப்படவே இல்லை.

இன்று உள்ளே சுரண்டுவது அவள் புருஷன் காளிதாசன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சுகுமாரன்.

"என்னாம்மா, தூங்குறியா? லாரிக்காரனுங்க கேட்ல நின்னு கத்துறானுங்க. ஸ்டீம் விடுலா."

"அவரு வெளிய வந்துட்டாராண்ணே?"

"உன் புருஷன நான் என்ன மடியிலயா வச்சிருக்கேன்? கேமராவுல பாரு. தொப்பி இல்லன்னா வந்துட்டான்."

காளிதாசனைக் கூப்பிட்டாள். வெறும் இரைச்சல். இரும்புக்குள் வாக்கி டாக்கி எடுக்காது. தேதியை மறுபடி திருத்தினாள். மறுபடி பிச்சையின் நாள்.

"சீக்கிரம்லா!"

தொடர்க.

படம் வந்தது. திறந்த கதவு. வெறுங்கொக்கி. மூச்சு விட்டாள். தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். பொத்தானைத் தட்டினாள். சுவருக்கு அப்பால் கதவு அறைந்து பூட்டிக்கொண்டது, நீராவி சீறியது.

பிறகு ஒரு அடி. இரும்பில். உள்ளிருந்து.

திரையைப் பார்த்தாள். படத்தில் தரையெல்லாம் வெயில். மழையே இல்லை. கதவு பச்சை. பிச்சை செத்த பிறகு அதற்கு நீலம் அடித்திருந்தார்கள்.

நிறுத்து என்று தட்டினாள். சிவப்பு முக்கோணம். தொடர்க. முக்கோணம். அடி. அடி. தொண்டை கிழியும் அலறல். அவள் பெயர்.

ஓடினாள்.

நீலக் கதவு. கொக்கியில் காளிதாசனின் மஞ்சள் தொப்பி ஆடியது. கை வால்வைப் பிடித்துத் திருகினாள். உள்ளங்கைத் தோல் வால்விலேயே ஒட்டிக்கொண்டது. திருகினாள். சீறல் நின்றது. அலறலும் நின்றது.

கதவடியில் தண்ணீர் வழிந்தது. சிவப்பாக. அதில் தோல் துண்டுகள், மயிரோடு.

பூட்டு உள்ளிருந்து கழன்றது. உள்ளே பூட்டே கிடையாது.

கதவு ஒரு சாண் திறந்தது. ஆவிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் தோல் உரிந்து தொங்கியது. விரல்கள் சுவரைத் தடவின. கொக்கியைக் கண்டுபிடித்தன. மஞ்சள் தொப்பியை ஓரமாய்த் தள்ளின. பக்கத்தில் சிவப்புத் தொப்பியை மாட்டின.

கை உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே இரண்டு பேர் சுரண்டத் தொடங்கினார்கள்.